ஆராய்ச்சி ஏரியில் தூண்டில் போடலாமா?

கேள்வி: நாங்கள் கிளிநொச்சியிலிருந்து வந்து கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், கெனோராவில் குடியிருக்கிறோம். போன மாதம் என் கணவரும் 14 வயது மகனும் ஓடத்தைத் தோளில் சுமந்துகொண்டு காட்டுவழியே போய், ஒரு சின்ன ஏரியில் தூண்டில் போட்டு இரண்டு ட்ரவுட் மீன் பிடித்து வந்தார்கள். குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். அது ஆராய்ச்சிக்காக ஒதுக்கப்பட்ட ஏரி என்று பிறகுதான் தெரிந்தது. அந்த ஏரிகளில் பாதரசமும் மருந்தும் கலக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டார் சொன்னதிலிருந்து எனக்கு இரவில் தூக்கம் இல்லை. அந்த ஏரிகளைத் தூண்டில்காரர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று இங்கே சிலர் மனுவும் தயாரிக்கிறார்கள். இரண்டு தூண்டிலால் ஒரு ஏரிக்கு என்ன ஆகிவிடும் என்று கணவர் கேட்கிறார். கையெழுத்துப் போடலாமா?
– சு.இ., கெனோரா

பதில்: அன்புள்ள சு.இ. அவர்களுக்கு,

முதலில் மனதை ஆற்றிக்கொள்ளுங்கள். ஒரு வேளை சாப்பிட்ட மீனால் உங்கள் வீட்டில் யாருக்கும் கெடுதி வந்துவிடாது. நீங்கள் பயப்படும் மருந்தும் பாதரசமும் அந்த ஏரிகளில் மிகச் சிறிய அளவில்தான் சேர்க்கப்பட்டன. உதாரணமாக, 260 என்ற எண் கொண்ட ஏரியில் 2001 முதல் 2003 வரை கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜனை (பெண்மை இயக்குநீர்) சேர்த்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்தாறு நானோகிராம், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஐந்தாறு பங்கு. நகரத்துக் கழிவுநீர் கலக்கும் ஆறுகளில் காணப்படும் அளவை ஒத்ததுதான் இது. 658ஆம் ஏரியில் 2001 முதல் 2007 வரை பாதரசம் சேர்க்கப்பட்டது உண்மை. அதை நிறுத்திய பிறகு மீன்களில் இருந்த மெத்தில் பாதரசம் (உயிர்களின் உடலில் சேரும் பாதரச வடிவம்) பெருமளவு குறைந்துவிட்டது என்பதை அதே ஆய்வாளர்கள் தொடர்ந்து அளந்து 2021இல் வெளியிட்டார்கள்.

பாதரசத்தைப் பற்றிய உங்கள் பயம் வீணானது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆராய்ச்சி ஏரியைவிட, நீங்கள் வாரந்தோறும் மீன் பிடிக்கும் சாதாரண ஏரிகளில்தான் அந்தக் கவனம் வேண்டும். நிலக்கரி எரியும் இடங்களிலிருந்து காற்றோடு வரும் பாதரசம் யாரும் கைவைக்காத காட்டு ஏரிகளிலும் இறங்குகிறது. மீனைத் தின்னும் மீனில், அதுவும் வயதான பெரிய மீனில், அது அதிகமாகச் சேரும். தோலை உரித்தாலும் கொழுப்பை நீக்கினாலும் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் போகாது, ஏனென்றால் அது சதையிலேயே இருக்கிறது. எந்த ஏரியில், எந்த மீனை, எத்தனை அங்குலம் வரை, மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று ஒன்டாரியோ அரசு ஒரு வழிகாட்டி வெளியிடுகிறது. அதில் கருவுறும் வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும் தனியாக, கடுமையான அளவு உண்டு. உங்கள் மகன் அந்த இரண்டாவது பட்டியலில் வருகிறான். பெரிய பைக் மீனைத் தவிர்த்து, சின்ன மீன்களாகப் பார்த்துச் சமையுங்கள்.

இனி ஏரியின் பக்கம் வருவோம். உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. கிளிநொச்சியில் வளர்ந்தவர் என்றால் இரணைமடுக் குளத்தில் தலைமுறை தலைமுறையாக வலை விழுவதைப் பார்த்திருப்பார். அத்தனை வலைக்கும் ஈடுகொடுக்கும் நீர்நிலையைக் கண்டவருக்கு, இரண்டு தூண்டிலுக்கு ஏன் இந்தக் கூச்சல் என்றுதான் தோன்றும்.

வேறுபாடு தண்ணீரில் இருக்கிறது. இலங்கையின் குளங்கள் வெயிலில் ஆண்டு முழுவதும் வேலை செய்பவை. 1952இல் கொண்டுவந்து விடப்பட்ட திலாப்பியா (தமிழ்நாட்டில் ஜிலேபி கெண்டை) சில மாதங்களிலேயே முட்டையிடத் தயாராகிவிடும். அங்குள்ள பல நீர்த்தேக்கங்களில் ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் நூறு கிலோவுக்கு மேல் மீன் எடுக்க முடிகிறது. நீங்கள் இப்போது இருக்கும் இடமோ கருங்கல் பாறை. ஏரி நவம்பர் வாக்கில் உறைந்தால் உருகுவதற்கு ஏப்ரல் கடைசி, மே ஆகிவிடும். சத்துக் குறைந்த, குளிர்ந்த, கண்ணாடி போன்ற தண்ணீர். அதில் வாழும் ஏரி ட்ரவுட் முட்டையிடும் பருவத்தை எட்டவே ஆறேழு ஆண்டுகள் ஆகலாம். இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இத்தகைய ஏரி, ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு அரைக் கிலோ ட்ரவுட் எடுப்பதைத்தான் தாங்கும் என்பது மீன்வள ஆய்வாளர்கள் நீண்ட காலமாகக் கையாளும் கணக்கு. ஆராய்ச்சி ஏரிகளில் ஒன்றான 223ஆம் ஏரியின் பரப்பு சுமார் 27 ஹெக்டேர். அப்படியானால் ஆண்டு முழுவதற்கும் 13 கிலோ. கிலோ எடையுள்ள மீனாக வைத்துக்கொண்டால் பதின்மூன்று மீன்கள். இரண்டு மூன்று ஓடங்கள் ஒரு வாரக் கடைசியில் அதைப் பிடித்து முடித்துவிடும்.

ஏரி தாங்குமா என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. அங்கே நடக்கும் வேலை என்ன என்பதைத் தெரிந்துகொண்டால்தான் தடையின் காரணம் புரியும்.

ஆராய்ச்சிக்கென அங்கே 58 சிறு ஏரிகள் ஒதுக்கப்பட்டன. 1968இல் கனடிய அரசு இந்த ஆய்வு நிலையத்தைத் தொடங்கியது. செலவுக்குப் பணம் இல்லை என்று 2012இல் அரசு கைவிடப் பார்த்தது. 2014 முதல் வின்னிபெக்கைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு நிலைத்த வளர்ச்சி நிறுவனம் நடத்திவருகிறது. ஒரு முழு ஏரியையே சோதனைச் சாலையாக வைத்துக்கொண்டு, ‘இதைச் சேர்த்தால் என்ன ஆகும்?’ என்று நேரடியாகப் பார்க்கும் இடங்கள் உலகத்திலேயே மிகச் சில. 1973இல் 226ஆம் ஏரியின் நடுவே ஒரு திரையைக் கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் சேர்த்தார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பாசி படர்ந்து பச்சையாகிவிட்டது. வானத்திலிருந்து எடுத்த அந்தப் புகைப்படம் ஆயிரம் பக்க அறிக்கைக்குச் சமமாக வேலை செய்தது. சலவைத் தூளில் பாஸ்பேட்டைக் குறைக்கும் சட்டங்கள் பரவியதற்குப் பின்னால் அந்த ஏரியும் இருக்கிறது. டேவிட் ஷிண்ட்லர் என்ற அறிஞரும் அவரது குழுவினரும் செய்த வேலை இது.

இப்போது 223ஆம் ஏரிக்குத் திரும்புகிறேன். உங்கள் கணவரின் கேள்விக்கு நேரான பதில் அங்கேதான் இருக்கிறது. அமில மழையால் ஏரிகளுக்கு என்ன ஆகிறது என்று அறிய, 1976 முதல் சில ஆண்டுகள் அந்த ஏரியில் சிறிது சிறிதாகக் கந்தக அமிலம் சேர்த்தார்கள். ட்ரவுட் செத்து மிதக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மிதக்கவில்லை. முதலில் மறைந்தது மைசிஸ் என்ற கூனி இறால் இனம். அடுத்து மின்னோ என்ற பொடிமீன்கள் குஞ்சு பொரிப்பது நின்றது. இரண்டும் ட்ரவுட்டின் இரை. பெரிய மீன்கள் உயிரோடுதான் இருந்தன, ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மெலிந்தன. கடைசியில் தலை பெருத்து உடல் கத்திபோல் ஒட்டிய மீன்களைத்தான் கையில் எடுக்க முடிந்தது. புதிய குஞ்சுகளும் இல்லை. அமிலம் மீனைக் கொல்லும் முன்பே அதன் உணவைக் கொன்றுவிடுகிறது என்ற உண்மை, அந்த மெலிவை அளந்ததால்தான் தெரிந்தது.

அந்த ஆண்டுகளில் அங்கே தூண்டிலுக்கு அனுமதி இருந்திருந்தால்? அந்த அளவு ஏரியில் பெரிய ட்ரவுட் சில நூறுதான் இருக்கும். அதில் ஐம்பதைப் பிடித்துவிட்டால் மிச்சமுள்ளவற்றுக்குக் கிடைக்கும் இரை கூடும். அவை அவ்வளவு மெலியாது. ‘அமிலத்தால் பாதிப்பு அதிகமில்லை’ என்று ஆய்வாளர் நேர்மையாகவே தவறான முடிவை எழுதியிருப்பார். அல்லது எண்ணிக்கை குறைந்தது தூண்டிலாலா அமிலத்தாலா என்று சொல்ல முடியாமல், தொழிற்சாலைக்காரர்கள் அதையே வழக்குமன்றத்தில் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு மீன் போனதால் ஏரி கெட்டுவிடாது அம்மா. அந்த ஏரி சொல்லவிருந்த பதில் கெட்டுவிடும்.

பெரிய மீனின் எண்ணிக்கை மாறுவதே தண்ணீரின் நிறத்தைக்கூட மாற்றும் என்பதற்கும் சோதனை உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் வடக்கே பீட்டர் ஏரி, டியூஸ்டே ஏரி என்று இரண்டு சின்ன ஏரிகள். 1985இல் ஸ்டீபன் கார்ப்பென்டர், ஜேம்ஸ் கிட்செல் முதலியோர் ஒன்றிலிருந்த பாஸ் மீன்களில் பெரும்பகுதியை மற்றதற்கும், அதிலிருந்த பொடிமீன்களை இதற்கும் மாற்றினார்கள். பாஸ் வந்த ஏரியில் பொடிமீன் ஒழிந்தது. அதனால் பொடிமீன் தின்றுவந்த நீர்த்தெள்ளு (டாஃப்னியா என்ற நுண்விலங்கு) பெருகியது. அது பாசியைத் தின்றதால் பாசி குறைந்தது. மேலே ஒரு மீனைத் தொட்டால் அடியில் பாசி வரை அசையும். பாசியை அளப்பவருக்கு, யாரோ சொல்லாமல் எடுத்துப்போன பெரிய மீனும் கணக்கில் வேண்டும்.

உங்கள் ஊரில் இன்னொரு யோசனையும் சொல்வார்கள்: ‘சோதனை நடக்கும் ஏரியை விட்டுவிடுவோம், எதுவுமே சேர்க்காத ஏரிகள் சும்மாதானே கிடக்கின்றன, அவற்றையாவது திறக்கட்டும்.’ கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எல்லாவற்றிலும் மோசமான யோசனை இதுதான். சும்மா கிடப்பதாகத் தோன்றுபவை ஒப்பீட்டு ஏரிகள் (எந்தச் சோதனையும் செய்யாமல், மற்ற ஏரிகளோடு ஒப்பிடுவதற்காகவே அளந்துவருபவை). 239ஆம் ஏரி அப்படிப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அதன் வெப்பம், ஆழத்து ஒளி, உப்பு, பாசி, மீன் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. ஒரு கோடையில் எல்லா ஏரிகளிலும் மீன் குறைந்தால் அது வானிலை. ஒன்றில் மட்டும் குறைந்தால் அது சோதனையின் விளைவு. இதைப் பிரித்துச் சொல்வது ஒப்பீட்டு ஏரிதான். அதைக் கெடுத்தால் பக்கத்தில் நடக்கும் அத்தனை சோதனையும் கெட்டது.

‘பிடித்துவிட்டு உயிரோடு விட்டுவிடுவேன்’ என்று உங்கள் மகன் சொல்லக்கூடும். நல்ல பிள்ளை, நல்ல பழக்கம். மற்ற ஏரிகளில் அப்படியே செய்யட்டும். ஆனால் ட்ரவுட் கோடையில் ஆழத்துக் குளிர்நீரில் இருப்பது. அதை இழுத்து இழுத்துக் களைக்கவைத்து, வெதுவெதுப்பான மேல்நீருக்குக் கொண்டுவந்து, முள்ளைக் கழற்றி விட்டால், நீந்திப் போனதுபோல் தெரிந்தாலும் சில பிறகு செத்துவிடும். அந்தச் சாவை யாரும் எண்ணுவதில்லை. அதோடு தூண்டிலில் மாட்டுவது எல்லா மீனும் அல்ல. இலினாய் மாநிலத்தில் ரிட்ஜ் ஏரி என்ற ஆய்வு ஏரியில் பிடித்த ஒவ்வொரு பாஸ் மீனுக்கும் அடையாளமிட்டு விட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து ஏரியை வடித்துப் பார்த்தபோது, திரும்பத் திரும்ப மாட்டிய மீன்களும் இருந்தன, ஒருமுறைகூட மாட்டாதவையும் இருந்தன. இரு வகையையும் தனித்தனியே இனப்பெருக்கம் செய்ய வைத்ததில், எளிதில் மாட்டும் குணம் குஞ்சுகளுக்கும் போவது தெரிந்தது. தன் முட்டைக்குழியை மூர்க்கமாகக் காக்கும் ஆண் மீன்தான் தூண்டிலையும் முதலில் கவ்வுகிறது. நாம் எடுப்பது ஏரியின் நல்ல தகப்பன்களை.

தூண்டிலோடு கூடப் போகும் பொருள்களும் உண்டு. இரைக்காகக் கொண்டுபோன பொடிமீனில் மிச்சத்தை ஏரியில் கொட்டினால் அங்கே இல்லாத இனம் ஒன்று குடியேறும். முள்வால் நீர்த்தெள்ளு என்ற அந்நிய உயிரி நைலான் நரம்பில் கொத்தாகப் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டு ஏரிக்கு ஏரி பயணம் செய்கிறது. உங்கள் பகுதிக் காட்டு மண்ணுக்கு மண்புழுவே புதியது என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கும். தூண்டில்காரர்கள் கரையில் கொட்டிய புழுக்கள் பெருகிக் காட்டின் சருகுப் படுகையைத் தின்று மாற்றிவிடுகின்றன. அந்தப் படுகையில் வடியும் தண்ணீர்தான் ஏரிக்கு வருகிறது. அறுந்து விழும் ஈயக்குண்டை விழுங்கி லூன் பறவைகள் சாகின்றன. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 1997 முதல் சிறு ஈயக்குண்டுகளுக்குத் தடை இருப்பது அதனால்தான்.

இவ்வளவும் சொன்னதால், ஆய்வும் மீன்பிடிப்பும் ஒரே ஏரியில் சேரவே முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் மாகாணத்திலேயே அல்கான்குவின் பூங்காவில் ஓப்பியாங்கோ ஏரி இருக்கிறது. அங்குள்ள ஹார்க்னஸ் ஆய்வகத்தார் 1936 முதல் தூண்டில்காரர்களிடம் என்ன பிடித்தீர்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டுக் குறித்துவருகிறார்கள். விஸ்கான்சின் மாநிலத்து எஸ்கனாபா ஏரியில் 1946இலிருந்து, இலவச அனுமதிச் சீட்டு வாங்கித்தான் இறங்க வேண்டும். திரும்பும்போது பிடித்த மீனைக் காட்டி அளக்கக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அங்கே பல்லாண்டுகள் மீனின் அளவுக்கோ எண்ணிக்கைக்கோ வரம்பே வைக்கவில்லை. இலங்கையில் பொலன்னறுவையின் பராக்கிரம சமுத்திரத்தில் ஆஸ்திரிய, இலங்கை ஆய்வாளர்கள் சேர்ந்து ஏரியியல் ஆய்வு செய்தபோதும் மீனவர் தொழில் நிற்கவில்லை. இவற்றில் மீன்பிடிப்பே ஆய்வின் பொருள், அல்லது ஆய்வின் ஒரு பகுதி. ஒவ்வொரு மீனும் எண்ணப்படுகிறது, அல்லது எண்ண வழி இருக்கிறது. எண்ணாத மீன் போகும் இடத்தில்தான் நான் கூடாது என்கிறேன். உங்கள் ஊர் மனு ‘ஒரு ஏரியை மட்டும், கணக்கெடுப்போடு, ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்துத் தரட்டும்’ என்று கேட்டிருந்தால் நானே கையெழுத்திடச் சொல்லியிருப்பேன்.

இதில் வேறு ஒரு தரப்பும் உண்டு. அந்த ஏரிகள் இருப்பது அனிஷினாபே மக்களின் நிலத்தில். 1873இல் லேக் ஆஃப் தி வுட்ஸ் ஏரிக்கரையில் கையெழுத்தான மூன்றாம் ஒப்பந்தம் அவர்களுக்கு வேட்டையும் மீன்பிடிப்பும் தொடரும் என்று உறுதி தந்தது. அது பொழுதுபோக்குத் தூண்டில்காரரின் ஆசையோடு ஒன்றாக வைத்துப் பேசக்கூடிய விஷயம் அல்ல. ஏரிகளை எப்படிப் பயன்படுத்துவது என்பதை அவர்களோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். நம்மைப் போல் பிறகு வந்து குடியேறியவர்கள் இதை மறக்கக் கூடாது என்பது என் கருத்து.

நமக்கோ இழப்பு பெரிதல்ல. ஒன்டாரியோவில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. ஒதுக்கி வைத்தது 58.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. இந்த வாரமே ஆய்வு நிலையத்துக்குத் தொலைபேசியிலோ கடிதத்திலோ நடந்ததைச் சொல்லுங்கள். அங்குள்ள ஏரிகளுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை, எண்தான். எந்த இடத்தில் ஓடத்தை இறக்கினார்கள் என்று வரைபடத்தில் காட்டினால் அவர்களே எண்ணைச் சொல்லிவிடுவார்கள். அந்த ஏரியில் எப்போது என்ன செய்தார்கள் என்று நீங்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தேதி, மீனின் நீளம், சுமாரான எடை ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். துடுப்பில் ஒரு கதிர் நறுக்கப்பட்டிருந்ததா என்று கணவரை யோசிக்கச் சொல்லுங்கள். மீனைக் கழுவும்போது வயிற்றுக்குள் அரிசி மணி அளவில் கண்ணாடிக் குப்பி எதுவும் கண்ணில் பட்டதா என்று நீங்களும் நினைவுபடுத்திப் பாருங்கள். அது மீனுக்கு இடும் அடையாள எண். தலையோ முள்ளோ இன்னும் உறைபெட்டியில் இருந்தால் எறியாமல் வையுங்கள்; தலைக்குள் இருக்கும் செவிக்கல்லில் (மரத்தின் வளையம்போல் ஆண்டுக் கோடு விழும் சிறு கல்) மீனின் வயதை எண்ணிவிடலாம். தெரியாமல் போன இரண்டு மீனும் அப்போது கணக்கில் வந்துவிடும். வெட்கப்பட்டு மறைத்தால்தான் ஆய்வுக்குச் சேதம்.

மகனைத் திட்ட வேண்டாம். அவனையும் கூட உட்கார வைத்துக்கொண்டு அந்தத் தகவலை எழுதுங்கள். மாகாண மீன்பிடி விதிப் புத்தகத்தில் கெனோரா 5ஆம் மண்டலத்தில் வரும்; ஆண்டுதோறும் புதிதாக வருவதால், மூடப்பட்ட நீர்நிலைகள் எவை என்று ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அவனையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஓடத்தையும் நரம்பையும் தூண்டில் பெட்டியையும் ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகும் முன் நன்றாகக் காயவைக்க வேண்டும், மிச்ச இரையைக் குப்பையில்தான் போட வேண்டும்.

மனுவில் இப்போதுள்ள வாசகத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். உங்கள் கணவரிடம் இந்தப் பதிலைக் கொடுங்கள். 223ஆம் ஏரியைப் பற்றிய பத்தியை அவர் நிதானமாகப் படிக்கட்டும்.